டன்லொப் என்றால் டயர் இல்லை தம்பி: ஜோய் டன்லொப் பற்றிப் பேசுவோம்

கராஜ்காரன் | தலவாக்கலை

போன ஞாயிறு செயின் செட் மாற்ற ஒரு பையன் கராஜுக்கு வந்தான். வேலை முடியும் வரை சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவன், "அண்ணே, இந்த டன்லொப் யாரு, டயர் கம்பனி முதலாளியா?" என்று கேட்டான். மஞ்சள் ஹெல்மட் போட்ட ஒருவர், கல் மதிலை உரசுகிற மாதிரி பைக்கைச் சாய்த்துக்கொண்டு போகிற படம் அது. பையன் மேல் பிழை சொல்ல முடியாது. ட்ராக்கில் ஓடும் உலக பைக் சம்பியன்ஷிப்பான மோட்டோ ஜீபியின் மார்க் மார்க்கேஸ் எந்த வருடம் எந்தக் கையை உடைத்தார் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவான். ஜோய் டன்லொப் பற்றி அவனுக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. கையில் கிரீஸோடு நின்று சொல்லி முடிக்கிற கதையும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜோய் வட அயர்லாந்தில் பாலிமணி என்ற சின்ன ஊர்க்காரர். பிறந்தது 1952. அவர் பெயர் எடுத்த இடம் மேன் தீவு. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கடலில் இருக்கிறது. 1907இல் தொடங்கிய டி.டி. (டூரிஸ்ட் ட்ரோஃபி) ரேஸ் அங்கேதான் நடக்கிறது. அதற்கென்று கட்டிய ட்ராக் கிடையாது. சனங்கள் கடைக்கும் பள்ளிக்கும் போகிற ரோட்டை மூடிவிட்டு அதிலேயே ஓடுவார்கள். ஒரு சுற்று 60 கிலோமீற்றர் சொச்சம், 200க்கு மேல் முடக்குகள் (வளைவுகள்). வீட்டு வாசல், கல் மதில், லைட் கம்பம், பாலம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கடற்கரைப் பக்கம் தொடங்கி 400 மீற்றர் உயரத்துக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். (400 மீற்றரை மலை என்று சொன்னால் நம்ம ஆட்கள் சிரிப்பார்கள், தெரியும்.) 2023இல் பீட்டர் ஹிக்மன் அங்கே ஓடிய ஒரு சுற்றின் வேகம் மணிக்கு 219 கிலோமீற்றர். ஊருக்குள் புகுந்து, முடக்குக்கு முடக்கு பிரேக் பிடித்து, எல்லாம் சேர்த்து வருகிற சராசரி அது.

அந்த ரோட்டில் ஜோய் 26 முறை ஜெயித்தார். முதல் வெற்றி 1977இல். கடைசி மூன்றும் 2000 ஜூனில், ஒரே வாரத்துக்குள், 48 வயதில். நடுவில் 1982 முதல் 1986 வரை தொடர்ந்து ஐந்து வருடம் டி.டி. ஃபோர்முலா வன் (கார் இல்லை, பைக்) உலகச் சம்பியன். ஹொண்டா கம்பனியே பைக் கொடுத்த ஆள். ஆனாலும் ஊரில் ஒரு பார் நடத்திக்கொண்டு, சின்ன வண்டிகளைத் தானே கழற்றிப் பூட்டிக்கொண்டு இருந்தார்.

எனக்கு அவரிடம் பிடித்தது தைரியம் இல்லை. தைரியம் நம்ம ஊரில் சந்திக்குச் சந்தி கிடைக்கும், சனிக்கிழமை பின்னேரம் வந்து பாருங்கள். அவருக்கு அந்த 60 கிலோமீற்றரும் மனப்பாடம். எந்த மரத்தின் நிழலில் ரோடு காயாமல் இருக்கும், எந்த வீட்டு வாசலுக்கு முன்னால் சின்ன மேடு இருக்கிறது, எந்த முடக்கு பார்க்க மெதுவாகத் தெரிந்தாலும் உண்மையில் வேகமாக எடுக்கலாம், இதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ரோட் ரேஸ்காரனுடைய தொழிலே ஞாபகம்தான் என்று நான் சொல்லுவேன். மறுக்கிறவர்கள் வாருங்கள்.

சிவப்பு_பல்சர் | லிந்துலை

அண்ணே, அந்தப் பையன் நான்தான். மானத்தை வாங்கிட்டீங்க.

சரி, கேள்வி இருக்கு. 26 முறை ஜெயிச்சவர் ஏன் மோட்டோ ஜீபி பக்கம் வரவில்லை? அங்கே ஓடினால்தானே உலகத்துக்கே தெரியும்? பயமா, இல்லை வேகம் போதாதா?

தோஹா_மஸ்கெலியா

தம்பி, நான் இங்கே கட்டாரில் பதினொரு வருடமாக இருக்கிறேன். லுசைல் ட்ராக்கில் மூன்று தடவை மோட்டோ ஜீபி நேரில் பார்த்தேன். 2008 முதல் இங்கே ராத்திரியில் லைட் வெளிச்சத்தில் ஓடுகிறார்கள். அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. மேன் தீவு டி.டி. 1976 வரை உலகச் சம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று. புள்ளி வேண்டும் என்றால் அங்கே போய் ஓடத்தான் வேண்டும். 1972இல் மழையில் ஓடிய 125 சீசீ ரேஸில் ஜில்பெர்ட்டோ பர்லொட்டி என்ற இத்தாலிக்காரர் இறந்துபோனார். அவருடைய நண்பர் ஜியாகொமோ அகொஸ்தினி. அந்தத் தீவில் பத்து முறை ஜெயித்தவர். இனி இந்த ரோட்டில் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மற்றப் பெரிய ஆட்களும் அவர் பின்னால் போனார்கள். 1977இல் பிரித்தானிய கிராண்ட் பிரி சில்வர்ஸ்டோன் ட்ராக்குக்குப் போய்விட்டது.

இப்போது மேலே அண்ணன் எழுதியதைப் பாருங்கள். ஜோயின் முதல் வெற்றி எந்த வருடம்? அதே 1977. பெரிய ஆட்கள் விட்டுப் போன ரோட்டில் ஒருவர் தன் தொழிலைத் தொடங்கினார். அவர் மோட்டோ ஜீபிக்கு வராதது பயத்தால் இல்லை. அதற்குள் அது வேறு தொழிலாகப் போய்விட்டது.

ட்ராக்கில் விழுந்தால் சரளைக் கல்லில் உருண்டு போய், எழுந்து, கோபத்தில் கையை ஆட்டிக்கொண்டு நடந்து வருவார்கள். உடுப்புக்குள் காற்றுப் பை இருக்கிறது, 2018 முதல் அது கட்டாயம். மேன் தீவில் சரளைக்குப் பதிலாக யாருடையதோ சமையலறைச் சுவர்.

இரவுப்பணி | பண்டாரவளை

நான் தாதி. எங்கே என்று சொல்லமாட்டேன். வார்டில் எல்லோரும் "மிஸ்" என்று கூப்பிடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கராஜ்காரன் அண்ணன் அழகாக எழுதுகிறீர்கள். அதுதான் எனக்குப் பயம். ஜோய் எப்படி முடிந்தார் என்று ஏன் எழுதவில்லை? தேடிப் பார்த்தேன். 2000 ஜூலை 2, எஸ்தோனியா, தலின் நகரம். மழை. 125 சீசீ ரேஸ். ரோட்டை விட்டுப் போய் மரத்தில். மேன் தீவில் மூன்று வெற்றி எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐந்து பிள்ளைகள்.

ஞாபகம்தான் தொழில் என்கிறீர்கள். ஞாபகம் மழையில் டயருக்குப் பிடி கொடுக்குமா?

மேன் தீவின் அந்த மலைப் பாதையில் இதுவரை 260க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் செத்திருக்கிறார்கள் என்றும் பார்த்தேன். இதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கராஜ்காரன் | தலவாக்கலை

மிஸ், நீங்கள் கேட்டது நியாயம். மறைக்க நினைக்கவில்லை, முதல் பதிவிலேயே சாவு வீடு வேண்டாம் என்று விட்டேன். அதே தலின் கூட்டத்தில் அவர் வேறு இரண்டு ரேஸ் ஜெயித்திருந்தார். மூன்றாவதில் முன்னால் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஊரில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஐம்பதாயிரம் பேர் வந்தார்கள் என்கிறார்கள். வட அயர்லாந்து அப்போது எப்படி இருந்த நாடு என்று உங்களுக்குத் தெரியும். கத்தோலிக்கமா புரட்டஸ்தாந்தா, எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் கைகொடுப்பார்கள். அவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் அழுதது.

ஏன் என்றால் அவர் ரேஸ் மட்டும் ஓடவில்லை. வேனில் சாப்பாடு, உடுப்பு, மருந்து எல்லாம் ஏற்றிக்கொண்டு ருமேனியாவில் இருக்கிற அநாதைப் பிள்ளைகளுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார். பொஸ்னியா, அல்பேனியா பக்கமும் போனார். கமரா கூட்டிக்கொண்டு போகவில்லை. அதற்குத்தான் 1996இல் ராணி பட்டம் கொடுத்தார்.

இன்னொன்று. 1985இல் டி.டிக்குப் போக ஒரு மீன்பிடிப் படகில் ஏறினார்கள், ஆட்களும் பைக்குகளும். படகு வழியில் மூழ்கிப்போனது. ஆட்களைக் காப்பாற்றினார்கள். அந்த வருடம் டி.டியில் ஜோய் மூன்று ரேஸ் ஜெயித்தார். உலகச் சம்பியன், ஹொண்டாவின் ஆள், போனது மீன் படகில்! கொழும்புக்குப் போகக் கொழுந்து லொறியில் ஏறுகிற நம்ம சனம் மாதிரி. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

பழைய_லேலண்ட் | ஹட்டன்

வணக்கம் பிள்ளைகளே. எனக்கு 67 வயது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினேன். மகள்தான் இந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் ரோட் ரேஸ் இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது. ஏப்ரல் சீசனில் நடக்கும். எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது அப்பா கூட்டிக்கொண்டு போனார். தேயிலைச் செடிக்குள் கரையில் உட்கார்ந்து பார்த்தோம். வண்டிகள் ஒன்றாகப் புறப்படாது. ஒவ்வொன்றாக விடுவார்கள், கடிகாரத்தோடு போட்டி. ஒரு வண்டி கீழே புறப்படும். சத்தம் மட்டும் வரும், வண்டி தெரியாது. சத்தம் ஏறும், ஒரு இடத்தில் பட்டென்று குறையும். அப்பா சொல்லுவார், "இப்ப முடக்குக்கு வந்துட்டான்." திரும்ப ஏறும். பிறகுதான் மூடுபனிக்குள் இருந்து மூக்கு தெரியும். அப்பா கண்ணால் பார்த்ததைவிடக் காதால் பார்த்தது கூட. அவர் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) ரோதை, அதாவது மெஷின், ஓட்டிய ஆள், சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவார்.

அந்த அயர்லாந்துத் தம்பி ரோட்டை மனப்பாடம் செய்தார் என்பதை நான் நம்புகிறேன். நாங்களும் அப்படித்தான். பனியில் பத்தடி தெரியாது. எட்டு மணி பஸ்ஸை எட்டு மணிக்கு எடுத்தாக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். கையும் காலும் தானாக வேலை செய்யும். ஆனால் நான் அறுபது பேரை வைத்துக்கொண்டு மனப்பாடத்தை வேகத்துக்குப் பாவிக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குப் பாவித்தேன்.

தோஹா_மஸ்கெலியா

ஐயா, மேன் தீவிலும் ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள்! பத்து செக்கனுக்கு ஒருவர். முன்னால் போகிறவனைப் பிடித்தால் நீ பத்து செக்கன் முன்னால் என்று அர்த்தம். பெரிய ரேஸ் என்றால் ஆறு சுற்று, 360 கிலோமீற்றருக்கு மேல், நடுவில் இரண்டு தடவை பெற்றோல் அடிக்க நிற்பார்கள். தலவாக்கலையில் இருந்து யாழ்ப்பாணம் போகிற தூரத்துக்குக் கிட்ட வரும்.

பனி பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே மலையில் பனி இறங்கினால் ரேஸ் நின்றுவிடும். காயம்பட்டவரை ஏற்ற ஹெலிகொப்டர் பறக்க முடியாது என்றால் பைக்கும் ஓடக்கூடாது. காலையில் ரோட்டை மூடிவிட்டு, எல்லோரும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, மலையைப் பார்த்துக்கொண்டே மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார்கள்.

சிவப்பு_பல்சர் | லிந்துலை

அப்படிப் பார்த்தால் நம்ம ஊரில் வருடத்துக்கு இரண்டு நாள்தான் ரேஸ் நடக்கும்.

எனக்கு 19 வயது. பைக் லீசிங்கில் எடுத்தது, இன்னும் 22 மாதம் கட்டணும். செயின்ட் கிளயர் அருவி பார்க்கிற இடத்தில் இருந்து டவுன் வரைக்கும் என்னை யாரும் முந்தினது இல்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை. உண்மையாகவே இதைத் தொழிலாகச் செய்ய ஆசை. வழி இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

இரவுப்பணி | பண்டாரவளை

முந்தினது இல்லை என்று எழுதுகிறாய். முந்த வந்த பஸ், லொறி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்த அம்மா, இவர்களுக்கெல்லாம் ரேஸ் நடப்பது தெரியுமா தம்பி? மேன் தீவில் குறைந்தது ரோட்டை மூடுகிறார்களே.

2024 ஏப்ரல் 21 தியத்தலாவையில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஃபொக்ஸ் ஹில் ரேஸ், ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு நடந்தது. அதற்கென்றே இருக்கிற ட்ராக், இராணுவம் நிற்கிறது, புதுவருட லீவு. ஒரு கார் ட்ராக்கை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்குள் போனது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டில் நாலு பேர் அன்றைக்குப் போனார்கள். சாப்பாடு கட்டி, பாய் எடுத்துக்கொண்டு, திருவிழாவுக்குப் போகிற மாதிரி. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சின்னவன் இன்றைக்கும் பெரிய சத்தம் கேட்டால் ஓடி வந்து அம்மாவின் சட்டையைப் பிடிக்கிறான்.

அது ட்ராக்கில். நீ சொல்கிறது ஏழாம் நம்பர் ரோட்டில்.

முனைப்பனி | ராகலை

மிஸ் சொல்வதோடு ஒரு சின்ன மாறுபாடு. ரேஸை நிறுத்தினால் இந்த ரோட்டில் சாவு நின்றுவிடுமா? 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல இறக்கத்தில் ஏழு பேர். அங்கே யாரும் ரேஸ் ஓடவில்லை. ரேஸ்காரனுக்கு வருகிற சாவு அவன் கேட்டு வாங்கியது. நம்ம சனம் கேட்காமலே வாங்குகிறது.

இரவுப்பணி | பண்டாரவளை

கேட்டு வாங்கினாலும் வீட்டில் இருக்கிறவர்கள் கேட்கவில்லையே.

டன்லொப் குடும்பத்தையே எடுங்கள். ஜோயின் தம்பி ரொபர்ட், அவரும் ரேஸ்காரர், 2008இல் நோர்த் வெஸ்ட் 200 என்ற ரோட் ரேஸின் பயிற்சியில் இறந்தார். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் அவர் மகன் மைக்கல் 250 சீசீ ரேஸ் ஓடி ஜெயித்தான். அப்பாவை இன்னும் அடக்கம்கூடச் செய்யவில்லை. 2018இல் ரொபர்ட்டின் மற்ற மகன் வில்லியம் அயர்லாந்தில் ஒரு பயிற்சியின்போது இறந்தார். ஒரே வீட்டில் புருஷன், பிள்ளை. மைக்கல் இன்னும் ஓடுகிறார். அந்த அம்மா காலையில் எழுந்து தேத்தண்ணி ஊற்றும்போது எதை நினைப்பார் என்று யோசித்தேன், அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

கராஜ்காரன் | தலவாக்கலை

அதைப் பற்றி எனக்கும் சொல்லத் தெரியவில்லை மிஸ். 2024இல் மைக்கல் பெரியப்பாவின் 26ஐத் தாண்டினார். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், படவும் செய்தேன், கராஜ் படத்தைப் பார்க்க ஒரு மாதிரியாகவும் இருந்தது.

தம்பிக்கு வருகிறேன். வழி கேட்டாய். உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதே.

மோட்டோ ஜீபி வழி உனக்கு மூடியாச்சு. மார்க்கேஸ் உலகச் சம்பியன்ஷிப்புக்கு வந்தது 15 வயதில், 2008இல். ரொஸி 1996இல் வரும்போது 17. இப்போது அந்த வயதில் வர விடமாட்டார்கள், 18 ஆக வேண்டும். ஆனால் 18இல் வருகிறவன் நாலைந்து வயதில் குட்டி பைக்கில் ஏறியவன். ஆசியாவில் இருந்து மேலே போகிற பிள்ளைகளுக்கு 2014இல் ஏஷியா டெலண்ட் கப் என்று ஒன்று தொடங்கினார்கள். அதிலும் உனக்கு முந்திப் பழகிய பிள்ளைகள்தான் இருப்பார்கள். சென்னையில் சரத் குமார் என்ற பையன் 2011இல் 125 சீசீ உலகச் சம்பியன்ஷிப்பில் ஓடினான், இந்தியாவில் இருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். அங்கே ஸ்ரீபெரும்புதூரில் ட்ராக் இருக்கிறது, பைக் கம்பனிகள் காசு போடுகின்றன. நமக்குக் கட்டுகுருந்தையில் பழைய விமான ஓடுபாதை. மலையகத்தில் அதுவும் இல்லை.

ஆனால் ரோட் ரேஸ் வயதானவர்கள் செய்கிற வேலை. ஜோய் முதல் டி.டி. ஓடியது 24 வயதில். ஜெயித்து முடித்தது 48இல். ஜோன் மக்கின்னஸ் 23 முறை ஜெயித்தவர், ஐம்பது தாண்டியும் ஓடினார். கண்ணும் கையும் குறையக் குறைய ரோட்டைப் பற்றிய அறிவு கூடுகிறது. நான் ஞாபகம் ஞாபகம் என்று சொல்வது இதைத்தான்.

சம்பளம் என்று நினைக்காதே. அங்கே பாதிப் பேருக்கு வேறு வேலை இருக்கும். கை மார்ட்டின் என்று டீவியில் வருகிற ஆள் லொறி மெக்கானிக். ரேஸ் ஓடிய காலத்தில், ரேஸ் முடிந்து திங்கட்கிழமை காலையில் லொறிக்கு அடியில் படுப்பார்.

தோஹா_மஸ்கெலியா

காயக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. மிக் டூஹன், அவுஸ்திரேலியா. 1992இல் அசென் ட்ராக்கில் விழுந்து வலது கால் போகிற நிலைமை. டொக்டர் கொஸ்தா என்ற இத்தாலி வைத்தியர் இரத்த ஓட்டத்துக்காக இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவைத்தார். கால் தப்பியது, ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. பின் பிரேக்கை மிதிக்க முடியாது. அதனால் இடது கைப் பெருவிரலால் அழுத்துகிற மாதிரி பின் பிரேக் செய்து கொடுத்தார்கள். அந்தப் பெருவிரலை வைத்துக்கொண்டு 1994 முதல் 1998 வரை ஐந்து முறை உலகச் சம்பியன்.

சிவப்பு_பல்சர் | லிந்துலை

செம! மார்க்கேஸும் அப்படித்தான். 2020இல் கை உடைஞ்சு ஒரு வாரத்துக்குள் திரும்பப் பைக்கில் ஏறினார்.

இரவுப்பணி | பண்டாரவளை

ஏறியதுதான் பிழை தம்பி. நீ செம என்று சொல்கிற அந்த இடத்தை என் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

உடைந்தது மேற்கை எலும்பு. செவ்வாய்க்கிழமை தகடு வைத்தார்கள், சனிக்கிழமை பைக்கில் ஏறினார். பிறகு வீட்டில் ஒரு ஜன்னலைத் திறக்கும்போது தகடு உடைந்தது. இரண்டாவது ஒப்பரேஷன். எலும்பு பொருந்தவில்லை, கிருமி தொற்றியிருந்தது. டிசம்பரில் மூன்றாவது, எட்டு மணித்தியாலம், இடுப்பு எலும்பில் எடுத்து வைத்தார்கள். கடைசியில் பொருந்தியது, ஆனால் எலும்பு 30 பாகைக்கு மேல் திரும்பிய நிலையில். 2022இல் அமெரிக்காவில் அதைத் திரும்ப வெட்டி, சுழற்றி, சரியாக வைத்தார்கள். நாலாவது. 2021 ஒக்டோபரில் ஜெயித்த பிறகு அடுத்த வெற்றிக்கு 1043 நாள் காத்திருந்தார். 2025இல் திரும்ப உலகச் சம்பியன் ஆனார், இல்லை என்று சொல்லவில்லை.

அவருக்கு அந்த நாலு ஒப்பரேஷனும் செய்ய ஆள் இருந்தது, காசு இருந்தது. என் வார்டில் போன மாதம் ஒரு பிள்ளை, உன் வயது, அதே எலும்பு. அம்மா கொழுந்து எடுக்கிறவர். நாலு நாள் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு) போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே படுத்திருந்தார். தகடு வாங்குகிற காசைப் பற்றி வைத்தியர் சொன்னபோது அவர் என்னைப் பார்த்துக் கேட்டது, "மிஸ், பைக்கு லீசிங் இந்த மாசம் கட்டலன்னா தூக்கிட்டுப் போயிருவாங்களா?"

பழைய_லேலண்ட் | ஹட்டன்

மகளே, நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போக முடியாது.

ஒன்று கேட்கிறேன். அந்தத் தீவில் சாமி கும்பிடுவார்களா? நாங்கள் முதல் முடக்கில் முனியாண்டிக்குக் காசு போடாமல் பஸ் எடுத்தது இல்லை. ஸ்டோரில் ரோதைமுனிக்குத் தேங்காய் உடைக்காமல் மெஷின் ஓடாது.

கராஜ்காரன் | தலவாக்கலை

இருக்கிறது ஐயா, சாட்சாத் நம்ம மாதிரியே. அந்தத் தீவில் தேவதைப் பாலம் என்று ஒன்று உண்டு. தாண்டும்போது தேவதைகளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். ரேஸ் ஓடுகிற பாதையில் இல்லை, ஆனால் ரேஸ்காரர்கள் தேடிப் போய் வணக்கம் சொல்லிவிட்டு வருவார்கள். ஜோய் ரேஸ் உடுப்புக்குள் எப்போதும் சிவப்பு டீ ஷேர்ட்தான் போடுவார். இப்போது 26ஆவது மைல் கல் இருக்கிற முடக்குக்கே அவர் பெயர். மலைமேல் அவருடைய சிலை ஒன்றும் இருக்கிறது, பைக்கில் உட்கார்ந்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

பழைய_லேலண்ட் | ஹட்டன்

அப்ப அவரே முனியாண்டி ஆகிவிட்டார்.

லிந்துலைத் தம்பிக்கு: உங்கள் தோட்டத்து ரோட்டில் நான் ஆறு வருடம் பஸ் ஓட்டியிருக்கிறேன். மேட்டு லயத்தில் இருந்து மெயின் ரோடு வரை. தினமும் நீ போகிற பாதை. ஒரு கொப்பி எடுத்து, பைக்கில் ஏறாமல், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு முடக்கையும் எழுது. இடமா வலமா, ஏற்றமா இறக்கமா, பக்கத்தில் என்ன இருக்கிறது. முழுவதும் எழுதிக் கொண்டு வந்தால் உனக்கு ரோட் ரேஸ்காரன் ஆகிற மண்டை இருக்கிறது என்று நானே சொல்லுவேன்.

வெள்ளைச்சவுக்கு | அக்கரப்பத்தனை

இதுதான் சரியான போட்டி. 2022இல் தட்டுப்பாட்டில் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் கொடுத்த காலத்தில் இப்படி ஒரு ரேஸ் வைத்திருக்கலாம்.

சிவப்பு_பல்சர் | லிந்துலை

மூன்று நாள் எடுத்தது. சிரிக்காதீங்க.

மேட்டு லயத்து வாசல், இடம், இறக்கம். பைப்படி, வலம். பிள்ளைமடுவம், இடம், சின்னது. பிறகு நேர். கொழுந்து மடுவத்துக்கு முன்னால் வலம், அதில் கான் திறந்து இருக்கும். சவுக்கு மரம் மூன்று இருக்கிற இடம், இடம் வலம் இடம். கோயில், கொண்டை ஊசி. ஸ்டோர் கேட், வலம். பங்களா ரோடு பிரிகிற சந்தி. பிறகு ஆற்றுப் பாலம் வரை ஏழு எழுதினேன், ஆனால் நாலாவதும் ஐந்தாவதும் எது முதலில் வரும் என்று குழம்பிட்டேன். மொத்தம் 31.

தினமும் இரண்டு தடவை போகிற ரோடு. வேகமாகப் போகும்போது எல்லாம் தெரிகிற மாதிரி இருந்தது.

பழைய_லேலண்ட் | ஹட்டன்

38 தம்பி.

பாலத்துக்கு முன்னால் உள்ளதை விடு, அதில் எல்லோரும் குழம்புவார்கள். பிள்ளைமடுவத்துக்குப் பிறகு "நேர்" என்று எழுதியிருக்கிறாய். அங்கே நேர் இல்லை. மெல்ல வலப்பக்கம் வளைந்துகொண்டே போகும், முடிகிற இடத்தில் சுருங்கும். மேலே இருந்து ஊற்றுத் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடக்கிறது, மாசி மாதத்திலும் காயாது. எனக்குத் தெரிந்து அந்த இடத்தில் மூன்று பைக் தேயிலைக்குள் போயிருக்கிறது.

சிவப்பு_பல்சர் | லிந்துலை

ஐயா, அது முடக்கா? நான் அந்த இடத்தில்தான் டொப் கியர் போடுவேன்.

பழைய_லேலண்ட் | ஹட்டன்

தெரியும். அதனால்தான் சொன்னேன்.

இப்போது அந்த பஸ்ஸை என் மருமகன் ஓட்டுகிறார். காலை 5.40க்கு மேட்டு லயத்தில் இருந்து புறப்படும். சனிக்கிழமை நானும் வருகிறேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார், கொப்பியையும் கொண்டு வா.

கராஜ்காரன் | தலவாக்கலை

தம்பி, அப்படியே ஞாயிறு கராஜுக்கு வா. உன் செயின் செட்டை நீயே கழற்றிப் பூட்டு, நான் பக்கத்தில் ஸ்டூலில் இருக்கிறேன். கூலி எடுக்கமாட்டேன், கொடுக்கவும் மாட்டேன்.

இரவுப்பணி | பண்டாரவளை

ஹெல்மட் பட்டியை மாட்டிக்கொண்டுதானே போவாய்?

சிவப்பு_பல்சர் | லிந்துலை

அக்கா, பஸ்ஸில் போகிறதுக்குமா?